"பீரியட்ஸ் வந்ததும் வாங்க": கருத்தடை மையங்களில் முதலில் மாற்ற வேண்டியவை

கருத்தடை கேட்டு வரும் பெண்ணிடம் யோசிக்காமல் சொல்லப்படும் பதில் இது. ஊசிக்கு வந்தாலும் இதே பதில், காப்பர் டிக்கு வந்தாலும் இதே பதில். சொல்பவர் எரிந்து விழுந்திருக்க மாட்டார், அன்பாகவே சொல்லியிருப்பார். ஆனால் கேட்பவர் ஒரு நாள் விடுப்பு போட்டு, வீட்டில் ஏதோ சாக்குச் சொல்லிக் கிளம்பி வந்திருப்பார். மறுபடி வர முடியாமல் போகும் பெண்களில் சிலர் அடுத்து வருவது கர்ப்பத்தோடுதான்.

"நோயாளிகளின் அனுபவத்தை மேம்படுத்த வேண்டும்" என்று கூட்டம் போட்டால் பேச்சு பெரும்பாலும் சிரித்த முகம், புது நாற்காலி, சுவருக்குப் பெயின்ட் என்று போகும். அவையெல்லாம் வேண்டாம் என்பதில்லை. ஆனால் கருத்தடை மையத்தில் மனிதரை அலைக்கழிப்பது ஊழியரின் முகம் அல்ல, மையத்தின் வழக்கங்கள். யார் எப்போது தொடங்கியது என்றே தெரியாத வழக்கங்கள். அவற்றை மாற்றப் பெரும்பாலும் காசும் தேவைப்படாது.

முதல் வழக்கத்திலேயே தொடங்குவோம். "கர்ப்பம் இல்லை என்று எப்படித் தெரியும்?" என்ற பயம்தான் மாதவிடாய்க்காகக் காத்திருக்கச் சொல்வதன் பின்னால் இருக்கிறது. அதற்கு ஆறு கேள்விகள் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இருப்பவைதான்:

- கடைசி மாதவிடாய் தொடங்கி 7 நாட்களுக்குள் இருக்கிறதா? (காப்பர் டி என்றால் 12 நாட்கள்.)
- கடைசி மாதவிடாய்க்குப் பிறகு உறவே இல்லையா?
- நம்பகமான கருத்தடை முறை ஒன்றை விடாமல், சரியாகப் பயன்படுத்தி வருகிறாரா?
- குழந்தை பிறந்து 4 வாரம் ஆகவில்லையா?
- கருச்சிதைவோ கருக்கலைப்போ ஆகி 7 நாட்களுக்குள் இருக்கிறதா?
- குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ தாய்ப்பால் கொடுத்து, மாதவிடாய் இன்னும் திரும்பாமல் இருக்கிறதா?

இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலே போதும். கர்ப்பத்துக்கான அறிகுறி எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே தொடங்கலாம். மாதவிடாயின் முதல் சில நாட்கள் தாண்டிவிட்டால், கூட்டு மாத்திரை (ஈஸ்ட்ரோஜன் கலந்தது), ஊசி, இம்பிளான்ட் (கைத் தோலுக்கடியில் வைக்கும் குச்சி) ஆகியவற்றுக்கு அடுத்த 7 நாள் ஆணுறை சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். காப்பர் டிக்கு அதுவும் தேவையில்லை. ஆறுக்குமே "இல்லை" என்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாம். ஆனால் உறவு கொண்டு 3 வாரம் ஆகாத நிலையில் "நெகட்டிவ்" வந்தால் அதை முழுதாக நம்ப முடியாது. அப்போதும் மாத்திரையோ ஊசியோ இம்பிளான்டோ தொடங்கி, சில வாரம் கழித்து மறுபரிசோதனை செய்ய வழியிருக்கிறது. காப்பர் டிக்கு மட்டும் அந்த வழி இல்லை. இந்த ஆறையும் அட்டையில் அச்சிட்டுப் பதிவு மேசையிலேயே ஒட்டிவிடுங்கள். மருத்துவர் அறை வரை போய்த் திரும்புகிற வேலை மிச்சம்.

இரண்டாவது வழக்கம், எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும். மாத்திரை கேட்டவருக்கு உள் பரிசோதனை எதற்கு? ஊசிக்கு, இம்பிளான்டுக்கு அது தேவையே இல்லை. காப்பர் டி பொருத்தவும் பெண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சைக்கும்தான் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம் (140/90க்கு மேல் என்றால் வேறு முறைக்குப் போவது நல்லது, 160/100 எட்டினால் கொடுக்கவே கூடாது), கூடவே சில கேள்விகள்: வயது 35ஐத் தாண்டிப் புகைபிடிப்பவரா, ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் ஒளிக்கோடுகள் தெரியுமா, முன்பு ரத்தக்கட்டி வந்ததுண்டா, பிரசவம் ஆகி 6 வாரம் ஆகாமல் தாய்ப்பால் கொடுக்கிறாரா. ஹீமோகுளோபின், கல்லீரல் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை இவற்றுக்கெல்லாம் வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த முடிவு வரும் வரை மாத்திரை கொடுக்க மாட்டோம் என்று நிறுத்தி வைப்பது தவறு. உள் பரிசோதனைக்குப் பயந்தே மாத்திரை கேட்கக்கூட வராதவர்கள் உண்டு.

மூன்றாவது, மாதத்துக்கு ஒரு அட்டை மாத்திரை. ஓராண்டுக்கான மாத்திரையை, அதாவது 13 அட்டையை, ஒரே முறையில் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் தொடர்ந்து எடுப்பவர்கள் கூடுகிறார்கள். "தொலைத்துவிடுவார்கள், வீணாகும்" என்று தயங்கும் மருந்தாளுநரிடம், பன்னிரண்டு முறை வரிசையில் நிற்க வைப்பதில் வீணாகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஊசியிலும் இப்படித்தான். டிஎம்பிஏ என்ற கருத்தடை ஊசி (150 மி.கி., தசையில் போடுவது) 3 மாதத்துக்கு ஒரு முறை, 13 வாரக் கணக்கு. 2 வாரம் முன்னதாகப் போடலாம். 4 வாரம் வரை தாமதமாக வந்தாலும் எந்தப் பரிசோதனையும் ஆணுறையும் இல்லாமல் போடலாம். ஆனால் பல மையங்களில் நான்கு நாள் தாமதத்துக்கே "பீரியட்ஸ் வரட்டும்" கதை. ஊசி போட்டுக்கொள்பவருக்கு பீரியட்ஸே வராமல் இருக்கலாம் என்பதை மறந்துவிட்டுச் சொல்லும் பேச்சு இது! அட்டையில் ஒரு தேதிக்குப் பதிலாக மூன்று தேதி எழுதுங்கள்: எப்போதிலிருந்து வரலாம், எப்போது வருவது நல்லது, கடைசியாக எப்போது வரை. தோலடியில் போடும் 104 மி.கி. வகையைப் பெண்களே போட்டுக்கொள்ளலாம்; உலக சுகாதார நிறுவனம் இதை 2019இல் பரிந்துரைத்தது. மலாவியில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், தாமே போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதம் பேர் ஓராண்டு முடிவிலும் தொடர்ந்தார்கள். ஊழியர் கையால் போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம்தான். மருந்து ஒன்றே. வித்தியாசம், மையத்துக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லாததுதான்.

வரிசை

காத்திருப்பு எங்கே நிகழ்கிறது என்பதை ஊகித்துக்கொண்டிருக்காமல் அளக்கலாம். உள்ளே வருபவர் கையில் ஒரு சீட்டு. பதிவு, பிபி, ஆலோசனை, மருத்துவர், மருந்து என்று ஒவ்வொரு இடத்திலும் அழைத்த நேரம், முடிந்த நேரம் இரண்டையும் ஊழியர் எழுத வேண்டும். வெளியே போகும்போது சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஐம்பது சீட்டு சேர்ந்தால் படம் தெளிவாகிவிடும்: யாரோடாவது பேசிய நேரம் கொஞ்சம், மீதியெல்லாம் பெஞ்சில்.

காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, எல்லோரையும் ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு மருத்துவர் பத்தரைக்கு வருவது. அரை மணிக்கு நாலு பேர் என்று பிரித்து வரச் சொன்னாலே பாதி நெரிசல் குறையும். இன்னொன்று, ஐந்து நிமிட வேலைக்கு வந்தவரும் நாற்பது நிமிட வேலைக்கு வந்தவரும் ஒரே வரிசையில் நிற்பது. மறு ஊசி, மாத்திரை, ஆணுறை ஆகியவற்றுக்குத் தனி மேசை, ஒரு நர்ஸ் போதும், மருத்துவர் தேவையில்லை. கூடத்தில் எத்தனை நாற்காலி வேண்டும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு: மணிக்கு வருபவர்களை, ஒருவர் அங்கே இருக்கும் மணி நேரத்தால் பெருக்குங்கள். மணிக்கு 12 பேர் வந்து ஒன்றரை மணி நேரம் இருந்தால் எந்நேரமும் 18 பேர். நேரத்தை முக்கால் மணியாகக் குறைத்தால் 9 பேர். நாற்காலி வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

"ஸ்டாக் இல்லை" என்று திருப்பி அனுப்புவதும் காத்திருப்பின் மோசமான வகைதான். மாதம் சராசரி 40 குப்பி ஊசி மருந்து செலவாகிறது, கேட்டது வந்து சேர 2 மாதம், அதற்கு மேல் அவசரத்துக்கென 1 மாதத்துக்கானது எப்போதும் கைவசம் இருக்க வேண்டும் என்றால், இருப்பு 120ஐத் தொட்டதும் கேட்டுவிட வேண்டும். தீர்ந்த பிறகு கேட்பது கேட்பதே அல்ல. பல நேரம் தீருவது மருந்தாகக்கூட இருக்காது. சிரிஞ்சு, லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து, கர்ப்பப் பரிசோதனைப் பட்டை என்று சில்லறைச் சாமானாகத்தான் இருக்கும். அவற்றையும் அதே பதிவேட்டில் சேருங்கள்.

காதில் விழுவது

திரை போட்டுவிட்டால் அந்தரங்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். திரை கண்ணைத்தான் மறைக்கும். "காப்பர் டி எடுக்க வந்தது யாரு?" என்று கூடத்தில் குரல் கொடுத்துவிட்டு, உள்ளே திரையை இழுத்து மூடி என்ன பயன்? டோக்கன் எண்ணைச் சொல்லி அழையுங்கள். அறைக் கதவிலும் எண் மட்டும் இருக்கட்டும். ஆலோசனை அறையைச் சோதிக்க இரண்டு பேர் உள்ளே வழக்கமான குரலில் பேச, ஒருவர் வெளியே முதல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கட்டும். சொற்கள் புரிந்தால் நாற்காலிகளைத் தள்ளிப் போடுங்கள், கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், வெளியே ஒரு மின்விசிறி ஓடட்டும்.

கூட வருபவர் விஷயம் இதைவிட நுட்பமானது. கணவரையோ மாமியாரையோ "கொஞ்சம் வெளியே இருங்க" என்றால், வீட்டுக்குப் போன பின் அந்தப் பெண்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் "இங்கே எல்லோரையும் முதல் 5 நிமிடம் தனியாகப் பார்ப்போம்" என்று சுவரில் எழுதி வைத்து, விதிவிலக்கே இல்லாமல் நடத்த வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டியவை: இந்த முறையை வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டுமா, யாராவது வற்புறுத்துகிறார்களா, இந்த எண்ணுக்கு போன் செய்யலாமா, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதில் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நினைவூட்டுகிற அழைப்பே வீட்டில் சண்டையை மூட்டிவிடும். கையில் கொடுக்கும் அட்டையிலும் முறையின் பெயர் பெரிதாக இருக்க வேண்டாம்.

ஆண்கள் தனியாக வந்தால் எங்கே உட்காருவது என்றே தெரியாமல் நிற்பார்கள். வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை அறுவை) பற்றி விசாரிக்க வந்தவரை "மேடம் வரலையா?" என்று கேட்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. மறு பாதி, அறுவை முடிந்த அன்றே பலன் கிடைக்காது, 3 மாதம் வேறு முறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை என்பதை எழுதிக் கொடுப்பது.

ஆலோசனை

எல்லா முறைகளையும் வரிசையாக ஒப்பிப்பது ஆலோசனை ஆகாது. எட்டாவது முறை வருவதற்குள் முதல் மூன்றும் மறந்துவிடும். முதலில் கேட்க வேண்டியது, "உங்களுக்கு எது முக்கியம்?" பதில் வராவிட்டால் எடுத்துக் கொடுக்கலாம்: தினமும் நினைவு வைக்க முடியாதா, மாதவிடாய் மாறவே கூடாதா, யாருக்கும் தெரியக் கூடாதா, நினைத்தபோது தானே நிறுத்த வேண்டுமா, அடுத்த ஆண்டே குழந்தை வேண்டுமா. இதைக் கேட்ட பிறகு பொருந்தும் இரண்டு மூன்று முறைகளைப் பற்றி மட்டும் விரிவாகப் பேசினால் பத்து நிமிடத்தில் முடியும்.

எவ்வளவு நம்பலாம் என்பதை "99 சதவீதம்" என்று சொல்லாமல், ஓராண்டில் நூறு பேரில் எத்தனை பேர் கர்ப்பமாவார்கள் என்று சொல்லுங்கள். நடைமுறைப் பயன்பாட்டில் இம்பிளான்டில் நூற்றில் ஒருவரைவிடவும் மிகக் குறைவு, காப்பர் டியில் ஒருவருக்கும் குறைவு, ஊசியில் சுமார் 4, மாத்திரையில் 7, ஆணுறையில் 13. இந்த எண்களைத் தெரிந்துகொண்டே ஒருவர் மாத்திரையைத் தேர்ந்தால் அது நம் தோல்வி அல்ல. வலிமையான முறையை நோக்கித் தள்ளுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தள்ளப்பட்டவர் மூன்றே மாதத்தில் விட்டுவிடுவார், விட்டதைச் சொல்லவும் வரமாட்டார்.

பக்க விளைவைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. சொல்லாமல் விட்டதால்தான் பயப்படுகிறார்கள். ஊசியைப் பற்றி இப்படிச் சொல்லலாம்: "முதல் சில மாதம் தீட்டு கன்னாபின்னானு வரும். அப்புறம் குறையும். ஒரு வருஷத்துல பாதிப் பேருக்கு வரவே வராது. ரத்தம் உள்ளே தேங்கறதில்லைம்மா, கர்ப்பப்பையோட உள்பூச்சு வளரறதில்ல, அதான் வரல. ஊசியை நிறுத்தின பிறகு கரு தங்க மத்த முறைகளைவிட சராசரியா நாலு மாசம் கூட ஆகும்." காப்பர் டி என்றால் முதல் 3 முதல் 6 மாதம் உதிரமும் வயிற்றுவலியும் கூடுதலாக இருக்கும் என்று சொல்ல வேண்டும். ஊசியிலோ இம்பிளான்டிலோ உதிரம் தொல்லை தந்தால் ஐபுப்ரோஃபென் போன்ற மருந்தை 5 நாள் கொடுத்துப் பார்க்கலாம் என்பது வாசல்மேசை ஊழியர் வரை தெரிந்திருக்க வேண்டும். கடைசியாக ஒரு வாக்கியம், எல்லோருக்கும்: "பிடிக்கலைன்னா வாங்க, மாத்திக்கலாம்."

காப்பர் டி அறை

வலியை இங்கே அதிகமாகக் குறைத்து மதிப்பிடுகிறோம். பொருத்துபவர் சொல்லும் வலி அளவு, படுத்திருப்பவர் சொல்வதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பதை விட்டொழியுங்கள். குழந்தை பெறாதவர்களுக்கும் சிசேரியன் மட்டுமே ஆனவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

வலி மூன்று இடத்தில் வரும்: கர்ப்பப்பை வாயை டெனாகுலம் என்ற இடுக்கியால் பிடிக்கும்போது, ஆழம் அளக்கும் கம்பி உள்வாயைத் தாண்டும்போது, டி விரியும்போது. கர்ப்பப்பை வாயைச் சுற்றி லிக்னோகெயின் போடுவது இம்மூன்றுக்கும் உதவும். 1 சதவீத லிக்னோகெயின் 20 மில்லி: டெனாகுலம் பிடிக்கும் இடத்தில் 2 மில்லி, மீதி கடிகாரத்தின் 4 மணி, 8 மணி திசைகளில், ரத்தக்குழாயில் இல்லை என்று இழுத்துப் பார்த்து மெதுவாக. பிறகு 3 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதால்தான் "ஊசி போட்டும் பயனில்லை" என்ற பேச்சு வருகிறது. 20 மில்லியில் 200 மி.கி. இருக்கிறது, உச்ச அளவு கிலோவுக்கு 4.5 மி.கி. எனவே 45 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவருக்கு அளவைக் குறையுங்கள். 9 பங்குக்கு 1 பங்கு சோடியம் பைகார்பனேட் (8.4 சதவீதம்) சேர்த்தால் ஊசி எரிச்சல் குறையும். ஐபுப்ரோஃபென் பொருத்தும் நேரத்து வலியைப் பெரிதாகக் குறைக்காது, பின்னால் வரும் பிடிப்புக்கு நல்லது. கர்ப்பப்பை வாயைத் தளர்த்தக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டாலை எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அதுவே வயிற்றுப் பிடிப்பைக் கொடுக்கும்.

மருந்தில்லாத வேலைகளும் உண்டு. மேசையின் கால்பக்கம் கதவைப் பார்த்து இருந்தால் இன்றைக்கே திருப்பிப் போடுங்கள். ஸ்பெகுலத்தை (யோனியை விரித்துப் பார்க்க உதவும் கருவி) வெதுவெதுப்பான நீரில் நனையுங்கள்; விரும்பினால் அவரே உள்ளே வைத்துக்கொள்ளலாம். டெனாகுலத்தை ஒவ்வொரு பல்லாக மெதுவாகப் பூட்டுங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் செய்வதற்கு முன் சொல்லுங்கள். கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்று ஒப்புக்கொண்டு, தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்துங்கள். தலைமாட்டில் ஒருவர் நிற்கட்டும், வேடிக்கை பார்ப்பவர்கள் வேண்டாம்.

முடிந்ததும் எழுப்பி அனுப்பும் அவசரத்தில் சிலருக்கு மயக்கம் வரும். கர்ப்பப்பை வாயைத் தொட்டதில் நாடித்துடிப்பு குறைந்து, வியர்த்து, கண் இருட்டலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். 10, 15 நிமிடம் படுத்திருக்க இரண்டாவது படுக்கை ஒன்று பக்கத்தில் இருந்தால், அடுத்தவருக்காக இவரைக் கிளப்ப வேண்டியிருக்காது.

நீக்கக் கேட்டால்

பொருத்துவதற்கு ஐந்து நிமிடம், எடுப்பதற்கு ஐந்து முறை வரவேண்டும் என்ற நிலை பல இடங்களில் உண்டு. "இன்னும் ரெண்டு மாசம் பாருங்க", "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க", "ஏன் எடுக்கணும்?" காப்பர் டி 380ஏ பத்தாண்டு வேலை செய்யும் என்பது அதைப் பத்தாண்டு சுமந்தே ஆகவேண்டும் என்ற ஒப்பந்தம் அல்ல. காரணம் கேட்கலாம், உதவ முடிந்தால் சொல்லலாம், ஒரு முறை மட்டும். எடுங்கள் என்று அவர் மறுபடி சொன்னால் எடுத்துவிட வேண்டும், அன்றைக்கே.

காப்பர் டியை எடுப்பது பெரும்பாலும் நூலைப் பிடித்து மெதுவாக, சீராக இழுக்கும் வேலைதான். நூல் தெரியாவிட்டால் சைட்டோபிரஷ் என்ற சிறு தூரிகையைக் கர்ப்பப்பை வாய்க்குள் விட்டுச் சுழற்றினால் பல நேரம் வந்துவிடும். அதற்கும் வராவிட்டால் ஸ்கேன். இம்பிளான்டுக்குத் திறமை வேண்டும்: குச்சியின் அடியில் மரப்பு ஊசி (மேலே போட்டால் குச்சி ஆழத்துக்குப் போய்விடும்), சில மில்லிமீட்டர் கீறல், மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸ் என்ற சிறு இடுக்கி. தோலுக்கு மேல் தடவி உணர முடியாத குச்சியை மையத்தில் தோண்டக் கூடாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து இடம் குறித்து, தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும். பொருத்தத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் எடுக்கவும் பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு இருக்காது, மறுப்பின் பின்னால் சில நேரம் அந்தத் தயக்கம்தான் இருக்கும். பதிவேட்டில் நீக்கக் கேட்ட தேதி, நீக்கிய தேதி என்று இரண்டு கட்டம் சேருங்கள்.

எப்படி அளப்பது

"திருப்தியா?" என்று மையத்தின் வாசலில் ஊழியர் கேட்டால் எல்லோரும் "நல்லா பாத்தாங்க" என்றுதான் சொல்வார்கள். மறுபடி இங்கேதானே வரவேண்டும்? திருப்தியைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். இதற்கு உலகெங்கும் பயன்படும் மூன்று கேள்விகள் உண்டு: வேறு முறைகளைப் பற்றிச் சொன்னார்களா, பக்க விளைவுகளைச் சொன்னார்களா, வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா. பின்னால் நான்காவதும் சேர்ந்தது: வேறு முறைக்கு மாறலாம் என்று சொன்னார்களா. ஆலோசகரின் நடத்தையை அளக்க இன்னொரு தொகுப்பு: மனிதராக மதித்தாரா, எனக்கு முக்கியமானதைச் சொல்ல விட்டாரா, என் விருப்பத்தைப் பொருட்படுத்தினாரா, முடிவெடுக்கப் போதுமான தகவல் தந்தாரா. ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். சராசரி எடுக்காதீர்கள், நான்கிலும் முழு 5 கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் பாருங்கள். சராசரி எப்போதும் நான்கரைக்கு மேலே நின்று உங்களை ஏமாற்றும்.

கேட்பவர் சீருடை இல்லாத வெளியாளாக இருக்கட்டும், அல்லது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே நிரப்பிப் பெட்டியில் போடட்டும். மாதம் முப்பது பேர் போதும், ஆனால் மாத்திரைக்கு வந்தவர், நீக்க வந்தவர், திருப்பி அனுப்பப்பட்டவர் மூவகையும் அதில் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர்களை யாருமே கணக்கெடுப்பதில்லை. பதிவு மேசையில் ஒரு தாளை வைத்து, வந்தவர் கேட்டது என்ன, என்ன காரணம் சொல்லி அனுப்பினோம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாதக் கூட்டத்தில் முதலில் படிக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.